நோய்ச் சான்றிதழின் வரலாறு: இ.எஸ்.ஐ. திட்டமும் தொழிலாளியும்

நோய்ச் சான்றிதழ் என்பது, ஒருவர் உடல்நலக் குறைவால் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய இயலாதவராக இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஆவணம். தொழிலாளி தன் வாயால் சொன்னால் போதாது, இன்னொருவர் கையொப்பம் வேண்டும் என்ற ஏற்பாடு இது. அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் இதன் வரலாறு தொடங்குகிறது.

சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேலை மருத்துவம் கற்றுப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவர்கள் ஒரு தனி வகுப்பாக அதன்மூலம் அடையாளம் பெற்றனர். அலுவலகங்கள் ஏற்கும் சான்றிதழில் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்ற சொல் நிலைபெற்றதற்கு இத்தகைய சட்டங்களே அடிப்படை. ஊரில் பலருக்கும் வைத்தியம் பார்த்தவர் நாட்டு வைத்தியர். ஆனால் அவர் நாடி பார்த்துச் சொன்னது அலுவலகக் கோப்பில் ஏறாது.

அரசு ஊழியர்களுக்கு விதிகள் முன்பே தெளிவாக இருந்தன. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு, ஐயம் எழுந்தால் இரண்டாவது மருத்துவரின் கருத்து, திரும்பி வரும்போது தகுதிச் சான்று. ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசித் தாளின் அருமை நன்கு தெரியும். காய்ச்சல் விட்டு ஆள் நேரில் வந்து நின்றாலும், தகுதிச் சான்று இல்லாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட முடியாது. நடுவண் அரசின் 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டதால் மட்டும் விடுப்பு உரிமையாகிவிடாது. விடுப்பு அளிக்கும் அதிகாரியின் ஆணை வேண்டும்.

ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு கொடுத்தது. நோய்க்கெனத் தனி விடுப்பு அதில் இல்லை. படுத்தால் கூலி இல்லை, நீண்ட நாள் படுத்தால் வேலையும் இல்லை என்பதே நடைமுறையாக இருந்தது. இதற்கு விடையாக, பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழியில், 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது இதைத்தான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் முதலில் வந்தது 1955-இல், பஞ்சாலைகள் நிறைந்த கோயம்புத்தூரில். மாதம் 400 ரூபாய் வரை ஊதியம் பெற்றவர்களே அப்போது இதில் சேர முடிந்தது.

இத்திட்டம் சான்றிதழின் தன்மையையே மாற்றியது. அதுவரை அது முதலாளியிடம் நீட்டும் மன்னிப்புச் சீட்டு. இப்போது அதைக் காட்டினால் பணம் கிடைத்தது, அதுவும் முதலாளியிடமிருந்து அன்று, கழகத்திடமிருந்து. தொடக்கத்தில் ஏறத்தாழ பாதிக் கூலி, ஆண்டுக்கு 56 நாள்கள். பின்னாளில் 70 விழுக்காடு, 91 நாள்கள் என உயர்ந்தது. காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு நீட்டித்த உதவித்தொகையும் வந்தது. முதல் சான்றிதழ், இடைக்காலச் சான்றிதழ், இறுதிச் சான்றிதழ் என்று படிவங்கள் தனித்தனி. மருந்தக மருத்துவர் அவற்றை எழுதித் தந்தார்.

பணத்தைவிடப் பெரியது என்று நான் கருதுவது சட்டத்தின் 73-ஆம் பிரிவை. நோய்க்கால உதவித்தொகை பெறும் நாள்களில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது அது. அந்த நாள்களில் கொடுத்த நீக்க உத்தரவு செல்லாது. ஒரு துண்டுத் தாள் வேலைக்கே காவலாக நின்றது.

இதற்கு விலையும் உண்டு. 64-ஆம் பிரிவின்படி, உதவித்தொகை பெறுபவர் கழகத்தின் மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ சிகிச்சையில் இருக்க வேண்டும். மருத்துவ அலுவலரின் அனுமதியின்றி அந்தப் பகுதியைவிட்டுப் போகக் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு இது ஏமாற்றைத் தடுக்கும் எளிய வழி. ஆனால் கோவை ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் வந்தவர்கள் பலர். உடம்பு முடியாதபோது மனிதன் தேடுவது சொந்த ஊரையும், கஞ்சி வைத்துக் கொடுக்கும் கையையும் அல்லவா? அதற்கும் அனுமதிச் சொல் வேண்டியிருந்தது.

இன்னொன்று, காத்திருப்பு நாள்கள். புதிதாக நோய் கண்டால் முதல் இரண்டு நாள்களுக்கு உதவித்தொகை கிடையாது. முந்தைய நோய் முடிந்து பதினைந்து நாள்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் விலக்கு. ஆக, இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் உண்டு, காசு இல்லை. சின்ன நோய்க்கெல்லாம் பணம் கேட்பார்கள் என்ற அச்சமே இதன் அடியில் இருந்தது. இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டிலும் நோயுற்ற நாளுக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்துதான் பணம்.

பிரிட்டன் 1982-இல் வேறு வழியில் போனது. முதல் ஏழு நாள்களுக்கு ஊழியர் தாமே எழுதிக் கொடுத்தால் போதும், மருத்துவர் தேவையில்லை என்றது. சளி, வயிற்றுப்போக்கு என்று தாள் வாங்கவே வரும் கூட்டம் மருத்துவரின் நேரத்தைத் தின்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். நம் நாட்டிலோ கட்டுப்பாடு மருத்துவர் பக்கமும் இறுகியது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிமுறைகள், கொடுக்கும் சான்றிதழ்களுக்கு மருத்துவர் பதிவேடு வைக்க வேண்டும், நோயாளியின் கையொப்பம் அல்லது கைரேகை, முகவரி, ஓர் அங்க அடையாளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்கின்றன. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து மருத்துவரின் பெயரே நீங்கலாம்.

கடை ஊழியர்களுக்கு 1947-ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் விடுப்பை ஊதியத்துடன் தந்தது. சட்டம் அளவில் நல்ல ஏற்பாடுதான். கடைத்தெருவில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். சித்தாளும் கொத்தனாரும் வயலில் களை எடுப்பவரும் இந்த வரலாற்றுக்குள் வரவே இல்லை. மருத்துவர் தாள் எழுதிக் கொடுத்தாலும், அதை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருந்ததில்லை.