புகையைச் சுவாசிப்பவர் யார்? காற்றுரிமையும் சிறாரின் குரலும்

காற்று மாசு குறித்த பேச்சு நம் நாட்டில் பெரும்பாலும் டெல்லியின் குளிர்காலத்தோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. மலையில் வாழ்வோர் தூய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்ற நம்பிக்கையும் வேரூன்றியிருக்கிறது. நீலகிரியில் எமரால்டு அணையைக் காணவரும் சுற்றுலாப் பயணியின் கண்ணில் நீர்த்தேக்கமும் தேயிலைச் சரிவுகளுமே படுகின்றன. அதே மலையில், குளிருக்காகக் கதவடைத்த சிறு வீட்டில் விறகடுப்பு எரிகையில் அதனருகே அமர்ந்து பாடம் படிக்கும் குழந்தை அவர் பார்வைக்கு வருவதில்லை. யார் வீட்டில் புகை சூழ்கிறது என்ற கேள்வி, சாதி, உழைப்பு, வாழிடம் பற்றிய கேள்வியும் ஆகும். அதை எழுப்பும் உரிமை சிறாருக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையின் புகை

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலை வழங்கும் நோக்குடன் 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயிற்று. தாயகம் திரும்பிய இம்மக்களுள் தலித்துகள் கணிசமானோர். காற்றோட்டம் குறைந்த லைன் வீடு, விறகடுப்பு, விலையேறிய எரிவாயு உருளை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் புகை வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுப்பருகே அதிக நேரம் இருப்போர் பெண்களும் குழந்தைகளுமே.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் விரைவாக மூச்சுவிடுகிறார்கள். அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அதே புகை அவர்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது. உலகில் 15 வயதுக்குட்பட்டோரில் 93 விழுக்காட்டினர் மாசுற்ற காற்றைச் சுவாசிக்கின்றனர் என்றும், அதனால் விளைந்த கடும் சுவாசத் தொற்றுகளால் 2016இல் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் சிறார் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமோ நகரங்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தமிழ்நாட்டில் அதன்கீழ் வருபவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை. மலைக்கிராமத்து அடுப்படி எந்தக் கணக்கிலும் இல்லை.

இஸ்திரி வண்டியிலிருந்து கிளாஸ்கோ வரை

புகையின் பின்னால் உள்ள உழைப்பாளியைக் கண்டுகொண்ட ஒரு பள்ளி மாணவியின் முயற்சி இங்கே கவனிக்கத்தக்கது. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் எரித்த கரியைக் கொட்டுவதைக் கண்டு, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 5 மணி நேர வெயிலில் சேமிக்கும் மின்சாரத்தைக் கொண்டு 6 மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது அவ்வடிவமைப்பின் கணக்கு. கைப்பேசிக்கு மின்னேற்றித் தந்து கூடுதல் வருவாய் ஈட்டவும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது. 2020இல் சுவீடனின் சிறார் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றை எட்டிய அவர், அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களின் நிறைவேறாத வாக்குறுதிகளைச் சாடிப் பேசினார்.

இம்முயற்சியைப் பாராட்டும் நாம் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். துணி வெளுப்பதும் தேய்ப்பதும் பிறப்பின்மீது சுமத்தப்பட்ட தொழில்களாகவே தொடர்ந்து வந்துள்ளன. தமிழ்நாட்டில் வண்ணாரில் பெரும்பகுதியினர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் பட்டியல் சாதியினர்; தலித்துகளாலும் ஒதுக்கப்பட்டவர்கள். கரிக்குப் பதில் சூரிய ஒளி வந்தால் நுரையீரல் காக்கப்படும். ஆனால் வண்டி வாங்கும் கடனும், வண்டி நிறுத்தும் இட உரிமையும், பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்லும் வாய்ப்பும் கிடைக்காவிட்டால், தூய காற்றில் அதே சாதித் தொழில்தான் தொடரும்.

சட்டமும் அதன் சுமையும்

மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 1991இல், சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் பெற்றோர் தொடுத்த அர்ஜுன் கோபால் வழக்கு, பட்டாசு வெடிக்கும் நேரத்தையும் அதன் வேதிப்பொருள்களையும் கட்டுப்படுத்தும் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இட்டுச் சென்றது. குழந்தைகளின் மூச்சுக்காக நீதிமன்றம் செவிசாய்த்தது நல்லதே. அத்தீர்ப்பின் பொருளாதாரச் சுமையோ சிவகாசியின் கூலித் தொழிலாளர் வீடுகளில் இறங்கியது. அவ்வீடுகளின் பிள்ளைகளும் குழந்தைகளே. தூய காற்றுக்கான எந்த ஆணையும் மாற்று வாழ்வாதாரத்தோடு இணைந்தே வர வேண்டும்.

தெருவில் இறங்கிக் கேட்போருக்கு என்ன நேர்கிறது என்பதைத் தூத்துக்குடி காட்டியது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 தேதிகளில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மாணவி ஸ்னோலின். கண்டுபிடிப்போடு வரும் சிறாருக்கு மேடை தரும் அரசுகள், கோரிக்கையோடு வரும் இளையோரை அதே மதிப்போடு நடத்துவதில்லை.

செய்ய வேண்டியவை

இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு வழங்குகிறது. 2023இல் ஐ.நா. குழு வெளியிட்ட 26ஆம் பொதுக் கருத்துரை, சூழல் குறித்த முடிவுகளுக்கும் அது பொருந்தும் எனத் தெளிவாக்கியது. இதைக் காகிதத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவருவது மாணவர், செயற்பாட்டாளர் கையில் உள்ளது.

முதலாவதாக, லைன் வீடுகளிலும் சேரிகளிலும் எத்தனை வீட்டில் விறகு எரிகிறது, குப்பை எங்கே கொளுத்தப்படுகிறது, யாருக்கு இருமல் தொடர்கிறது என்பதைச் சிறாரே வரைபடமாகத் தீட்டலாம். அவ்வரைபடத்தைக் கிராம சபையில் வைத்தால் அது கோரிக்கைக்கான சான்றாகும். இரண்டாவதாக, பறை, வீதி நாடகம், சுவரோவியம் ஆகிய கலைகள் ஏற்கெனவே நம் மக்களிடம் உள்ளன. பள்ளிப் போட்டிகளில் ‘மரம் நடுவோம்’ என்று எழுதவைப்பதோடு நில்லாமல், தம் வீட்டுப் புகையைத் தம் மொழியில் சொல்ல அக்கலைகள் சிறாருக்கு இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, புகைபோக்கியுள்ள வீடு, கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு, ஊரகக் காற்றை அளக்கும் கருவிகள் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும் தொழிற்சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

அடுப்பங்கரையில் இருமும் குழந்தைக்கு விருது வென்ற குழந்தையைப் போல மேடை கிடைப்பதில்லை. அக்குழந்தை தன் ஊர் கிராம சபையிலேனும் எழுந்து பேச வழி செய்வதை நம் இயக்கங்கள் உடனே தொடங்கலாம்.