மணலியில் ஒரு தலைக்கோலி

ராயபுரம் தாண்டி, திருவொற்றியூர் போகிற ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு நிறைய உண்டு. அப்படி ஒரு நாள் என்னோடு ஆட்டோவில் வந்தவர், தண்டையார்பேட்டைக்காரர். லைட் மியூசிக் குழுவில் இருபது வருஷமாக டிரம்ஸ் வாசிப்பவர். வண்டி நகராத நேரத்தில் வாய் நகர்ந்தது.

''ஆடி மாசம்னா நிக்க நேரம் இருக்காது சார். தெனமும் ஒரு அம்மன் கோயில். ஐப்பசியில மழை புடிச்சிக்கிச்சின்னா வூட்ல குந்திக்கினு டப்பாவைத்தான் தட்டணும். எங்களுக்குன்னு ஒரு வேலைவாய்ப்பு ஆபீஸ் எதுனா கீதா சார்?''

''குழுவுக்கு மொத்தமா எவ்வளவு பேசறாங்க?'' என்று கேட்டேன்.

''அது ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும். நம்ம கையில வெக்கிறதுதான் நமக்குத் தெரியும்.''

பி.காம் படித்தவன் நான். மொத்த வரவு தெரியாமல் தன் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடினேன். பதிலில் பாதி, நாங்கள் மாட்டிக்கொண்டு நின்ற அதே ரோட்டின் கோடியிலேயே இருந்தது!

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு பிரசாதத்தோடு திரும்பிவிடுகிறோம். சுவரைப் பார்ப்பதில்லை. அந்தச் சுவர்கள் முழுக்கக் கல்வெட்டுகள். அதில் ஒன்று, மூன்றாம் ராஜராஜ சோழனின் 19ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 1235 வாக்கில் வெட்டப்பட்டது.

ஆவணித் திருவிழா. ராஜராஜன் திருமண்டபத்தில் அரசர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே உறவாக்கின தலைக்கோலி என்ற பெண் 'அகமார்க்கம்' என்னும் வகையில் தன் கலையைக் காட்டுகிறாள். தலைக்கோலி என்பது அவள் அம்மா அப்பா வைத்த பெயர் அல்ல. ஆடல் பாடலில் தேர்ந்த பெண்களுக்குக் கிடைத்த பட்டம். அரசர் சொக்கிப் போனார். மணலி கிராமத்தில் 60 வேலி நிலத்தை வரியில்லாத நிலமாக்கி, அதற்கு 'உறவாக்கின நல்லூர்' என்று அவள் பெயரையே வைத்துவிட்டார்.

ஒரு வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர். 60 வேலிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 400 ஏக்கர்!

எந்த மணலி? 1969ல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்து, இன்றைக்கும் புகைபோக்கிகளோடு நிற்கிறதே, அந்த மணலிதான். இப்போது மணலி பஸ்ஸில் ஏறி 'உறவாக்கின நல்லூர் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆனால் நம் டிரம்ஸ்காரருக்கு இது உதவாது. இது பரிசு. ராஜாவுக்குப் பிடித்தது, கொடுத்தார். பிடிக்காமல் போயிருந்தால்? நிலையான வேலை என்பது ராஜா கொட்டாவி விட்டாலும் மாசம் பிறந்தால் வர வேண்டிய சமாசாரம். அதற்கு நாம் கொஞ்சம் முன்னால், தஞ்சாவூருக்குப் போக வேண்டும்.

1014 வாக்கில் முதலாம் ராஜராஜன் பெரிய கோயிலுக்கு ஆள் எடுத்தான் பாருங்கள், அது மாதிரி கலைஞர்களுக்கான வேலைவாய்ப்பு இந்த மண்ணில் அதற்குப் பிறகு நடந்ததா என்பது சந்தேகம்தான். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தான். 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று கல்வெட்டு சொல்கிறது. 400 பேரின் பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இப்போது எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு... எல்லாம் கல்லில்! ஆளுக்கு ஒரு பங்கு சம்பளம். ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்திலிருந்து வருஷத்துக்கு 100 கலம் நெல். நடனம் சொல்லித்தரும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. பாடுகிறவர், மேளக்காரர், கணக்கு எழுதுகிறவர், துணி தைக்கிறவர் வரைக்கும் பட்டியல் நீள்கிறது.

இதில் என்னை அசர வைத்தது ஒரு நிபந்தனை. ஒருவர் இறந்துவிட்டாலோ, ஊரைவிட்டுப் போய்விட்டாலோ அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்குப் போகும். அந்த உறவினருக்கு வேலைத் தகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பார்த்து நியமிக்க வேண்டும். நம் ஊர் 'கருணை அடிப்படையில் வேலை' ஞாபகம் வருகிறதா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கருணையும் தகுதியும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, வேலை நிரந்தரம் ஆகிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடுமா? ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பது கேட்கிறது. மறுபடி திருவொற்றியூருக்கு வாருங்கள்.

14ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலில் பாடி ஆடும் பெண்கள் மூன்று பிரிவாக இருந்தார்கள். பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார். யார் எந்த வேலையைச் செய்வது என்பதில் தகராறு. வேலை என்றால் பங்கு, முறை, மரியாதை எல்லாம்தான். சம்புவராயர் ஆட்சியில் ஒருமுறை பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவைத்தார்கள். தீரவில்லை. விஜயநகர இளவரசர் கம்பணர் காலத்தில் மறுபடியும் விவகாரம் கிளம்பியது. மறுபடியும் பஞ்சாயத்து. வேலைகளைப் பிரித்து, முடிவைக் கல்லில் வெட்டினார்கள்.

சாதாரண வேலைத் தகராறுதானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்தப் பெண்கள் 'எங்களுக்கு உரியது எது?' என்று கேட்கிறார்கள். கேட்க முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய உரிமை ஊருக்கே தெரிந்த உரிமை. பதிலையும் எல்லோரும் பார்க்கிற சுவரில் எழுதினார்கள். 'ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

'அப்படியானால் அதுதான் பொற்காலமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அந்த நிரந்தர வேலை போகப்போகப் பெண்களைக் கட்டிப்போட்ட கயிறாயிற்று. அம்மா செய்த வேலையை மகள் செய்தாக வேண்டும்; கூடவே ஊர் ஒட்டிய பழியையும் சுமந்தாக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். கோயில் சேவை செய்தால்தான் நிலம் என்ற கட்டு 1929 சட்டத்தால் தளர்ந்தது. 1947ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கயிறு அறுந்ததில் நமக்கு சந்தோஷம்தான். ஆனால் கயிறோடு சேர்ந்து பங்கும் போயிற்று. அதன் இடத்தில் கலைஞர்களுக்கு வேறென்ன ஏற்பாடு செய்தோம்?

தென்மாவட்டத்து நாடகக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' பார்த்திருக்கிறீர்களா? ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். எப்படி முடிகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிவைத்த நாடகங்கள் எல்லோருக்கும் பாடம். யாரை எங்கிருந்து அழைத்தாலும் வேலை நடந்துவிடும்.

மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் நேரே சங்கத்துக்குப் போவார்கள், அல்லது ஏஜென்ட்டைப் பிடிப்பார்கள். ராஜபார்ட்டுக்கு இவ்வளவு, பபூனுக்கு இவ்வளவு என்று ஆளுக்குத் தனித்தனியாகச் சம்பளம் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, தேதியைக் குறித்துக்கொண்டு போவார்கள். இங்கேயும் ஏஜென்ட் உண்டு, கமிஷன் உண்டு. ஆனால் தன் விலை என்ன என்று நடிகருக்குத் தெரியும். கூடவே சங்கம் என்று ஒன்று முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

அரசாங்கம்? வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இந்தியாவில் 1945ல் தொடங்கின. இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவத்திலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தரத்தான். 1959ல் ஒரு சட்டம் வந்தது. காலியிடங்களை முதலாளிகள் இந்த அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது. சபாஷ் என்று கை தட்டுவதற்கு முன்னால் விதிவிலக்குகளையும் படியுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான வேலைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை!

நம் டிரம்ஸ்காரரின் வேலை எவ்வளவு நேரம்? ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து, போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொல்கிற வரைக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அது வேலையே இல்லை. 2007ல் தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் வாரியம் தருவது உதவித்தொகை. நாளைக்கு எங்கே கச்சேரி என்று அது சொல்லாது.

வெளியே எப்படி என்று பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது, 1935ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ஓவியர்களையும் சிற்பிகளையும் ஆயிரக்கணக்கில் சம்பளத்துக்கு எடுத்தது. வாரத்துக்கு 23 டாலர் சொச்சம். பின்னால் உலகப் புகழ்பெற்ற ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ எல்லாம் அந்தச் சம்பளத்தில் அரிசி... மன்னிக்கவும், ரொட்டி வாங்கியவர்கள்தான். 1943ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஜெர்மனியில் இன்னும் நேரடி. அரசின் வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குள்ளேயே நடிகர்கள், பாடகர்கள் போன்றவர்களுக்கு வேலை தேடித்தர ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நம் டிரம்ஸ்காரர் ஆட்டோவில் கேட்ட அதே ஆபீஸ்!

ஆக, அவருக்கு இப்போது என்ன பதில் சொல்வேன்?

'ஆபீஸ் வந்தால் நல்லதுதான், கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரைக்கும் ஏஜென்ட் இல்லாமல் காலம் தள்ள முடியாது, தள்ளவும் வேண்டாம். தேதி பிடித்துத் தருவதும் ஒரு வேலைதான், அதற்குக் கூலி கொடுங்கள். ஆனால் மொத்தம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, டிரம்ஸுக்கு எவ்வளவு, கீபோர்டுக்கு எவ்வளவு என்று ஒரு பேப்பரில் எழுதி, குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். தனியாளாகக் கேட்டால் அடுத்த புரோகிராமுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயமாக இருக்கும். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். மதுரையில் சங்கம் இருப்பது அதற்காகத்தான்.'

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆடியில் உங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கச்சேரி வைப்பீர்கள் இல்லையா? நோட்டீஸில் நன்கொடை கொடுத்தவர் பெயர் எல்லாம் வரிசையாக அச்சடிப்பீர்கள். பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்கும்போது, 'வாசிக்கிறவங்க பேரும் அவங்க சம்பளமும் தனித்தனியா எழுதிக் குடுங்க' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பைசா செலவில்லை.

தஞ்சாவூரில் 400 பேருக்கு அதைக் கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். நாம் ஒரு முழு வெள்ளைப் பேப்பரில் எழுதக் கூடாதா?