காலி அறையில் தேறும் கையேடு

முன்னாள் மாணவர் மலருக்குச் சரித்திரக் கட்டுரை என்றால் மர்காஷிஸ் ஐயர் காலத்து நாசரேத்தைப் பற்றியோ, முத்துக்குளித்துறையைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டர் சரித்திரம். ஆனாலும் அதை நம்ம கடற்கரையிலிருந்தே தொடங்கலாம்.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், 1586-ல், அண்ட்ரிக் அடிகளார் 'அடியார் வரலாறு' என்ற பெரிய தமிழ் நூலை அச்சிட்டார். செலவுக்குப் பணம் தந்தவர்கள் அந்தக் கரையின் பரதவ மக்கள். படிக்கிறவன் மொழியில் நூல் இருக்க வேண்டும், படிக்கிறவன் கையும் அதில் சேர வேண்டும். இந்த இரண்டும் லினக்ஸ் கையேடுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

1971 நவம்பரில் யூனிக்ஸின் முதல் கையேடு வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதில் 'பிழைகள்' என்று ஒரு தலைப்பே வைத்திருந்தார்கள். செய்தவனே குறையையும் எழுதி வைப்பது நல்ல மரபு.

1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்ற வசதி சேர்ந்தது. ஒரு புரோகிராமை ஒரு டைரக்டரிக்குள் விட்டு, 'இனி இதுதான் உன் உலகம்' என்று கதவைச் சாத்துவது. பின்னர் 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியின் 'ஜெயில்', 2008-ல் லினக்ஸுக்கு எல்எக்ஸ்சி, 2013-ல் டாக்கர் என்று இந்தத் தனி அறைகள் வளர்ந்தன.

இந்த அறையைக் கட்டிப் பார்த்த மாணவருக்கு ஒரு அனுபவம் தெரிந்திருக்கும். 'பாஷ்' புரோகிராமை உள்ளே காப்பி பண்ணி ஓட்டினால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று மெஷின் சொல்லும். கண்ணெதிரே ஃபைல் இருக்கிறதே! காரணம், பாஷ் தனியாக ஓடாது. அதற்கு வேண்டிய லைப்ரரி ஃபைல்களும் உள்ளே இருக்க வேண்டும். எவையெவை என்று 'எல்டிடி' கட்டளை காட்டிவிடும். கையேடு எழுதினவருக்கு இது தோன்றாது. ஏன்னு கேட்டா, அவர் மெஷினில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. நம்ம வீட்டு ஆச்சி பக்குவம் சொல்லும்போது 'உப்பு தேவையான அளவு' என்பாரே, அதே கதைதான்.

ஆக, எழுதினவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் காலி அறை காட்டிக் கொடுத்துவிடும். இதையே முறையாக்கியது ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-ல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூல். வாசகர் சிஎச்ரூட் அறைக்குள் போய் முழு சிஸ்டத்தையும் தானே கட்ட வேண்டும். ஒரு வரி தவறினாலும் வேலை நின்றுவிடும். நின்ற இடத்தை வாசகர் தெரிவிப்பார், தன்னார்வலர்கள் திருத்துவார்கள்.

கையேடு தவறினால் நேரம் மட்டும் வீணாவதில்லை, பாதுகாப்பும் போகும். சிஎச்ரூட்டைச் சிறைச்சாலை என்று நம்பியவர்கள் பலர். ரூட் அதிகாரம் உள்ள புரோகிராம் அதிலிருந்து சுலபமாக வெளியே வந்துவிடும். இது பாதுகாப்புக்காக ஏற்பட்டதல்ல என்று லினக்ஸ் கையேட்டுப் பக்கம் இன்று தெளிவாகவே எச்சரிக்கிறது.

அந்தப் பக்கங்களை 2004 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க். ஒன்றை விளக்கி எழுத உட்கார்ந்தாலே அதிலுள்ள பிழைகள் வெளியே வரும் என்று சொல்லி வந்தவர். 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 3.8, சாதாரண யூசரும் தனக்கென்று தனி அறை ('யூசர் நேம்ஸ்பேஸ்') கட்டிக்கொள்ள வழி செய்தது. கெரிஸ்க் அதை மாதிரி புரோகிராமோடு விளக்கினார்.

பிறகு ஒரு ஓட்டை தெரிந்தது. சில ஃபைல்களை 'இந்தக் குரூப்காரர் தொடக்கூடாது' என்று தடுத்திருப்பார்கள். அறைக்குள் போய் அந்தக் குரூப்பிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டால் தடை போய்விடும்! 2015-ல் வந்த கெர்னல் 3.19 அதை அடைத்தது. சாதாரண யூசர் முதலில் 'செட்குரூப்ஸ்' வசதியை நிறுத்திவிட்டுத்தான் குரூப் எண்களைப் பொருத்த முடியும் என்றானது. விளைவு, 2013-ல் சரியாக இருந்த குறிப்புகள் 'அனுமதி இல்லை' என்று நின்றன. கெரிஸ்க்கின் பக்கத்தில் மாதிரி புரோகிராம் மாறியது, காரணமும் ஏறியது. கவனிக்க ஆளில்லாத பக்கங்கள் அப்படியே கிடந்தன. 1992-ல் உற்சாகமாகத் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் எத்தனையோ கையேடுகளுக்கும் கடைசியில் இந்தக் கதிதான். தன்னார்வலர் எழுத்துக்கு எதிரி அறியாமை அல்ல. ஒருமுறை எழுதியதோடு போய்விடுவதுதான்.

தமிழில் இந்தப் பணியைக் 'கணியம்' மின்னிதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. ஆசிரியர் த. சீனிவாசன். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' போன்ற நூல்கள் அதன் வழியே வந்தன. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தார்கள். அந்தத் திருத்தும் உரிமையை நாம் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்?

தம்பி தங்கைகளே, கையேடு எழுத நிபுணராக வேண்டியதில்லை. சொல்லப்போனால் நிபுணருக்குத்தான் 'தேவையான உப்பு' கண்ணில் படாது. தமிழ்க் குறிப்பு ஒன்றை எடுங்கள். லேபில் ஒரு காலி அறை கட்டி, எழுதியுள்ளபடி மட்டும் செய்யுங்கள். எங்கே நிற்கிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் செய்து பார்த்தீர்கள் என்றும் குறித்து வையுங்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, இங்கிலீஷ் கையேட்டின் முன் தயங்கி நிற்கிற அடுத்த மாணவன் உங்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான்.