காவலும் ஈடும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்க்காவல் ஒப்பந்தத்தின் வரலாறு

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அணித்தே, திராட்சைப் பந்தல்கள் சூழ அமைந்துள்ள ராயப்பன்பட்டியில் இன்று சர்க்காரின் போலீஸ் நிலையம் இருக்கிறது. களவு நேர்ந்தால் ஜனங்கள் அங்கே சென்று புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆயினும், வரி செலுத்துவதனாலேயே ஊருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்னும் எண்ணம் இப்பள்ளத்தாக்கில் மிகப் பழைமையானது அன்று. பல தலைமுறைகள் வரை காவல் என்பது ஊரார் கூலி பேசி, வேறொரு கூட்டத்தாரிடம் ஒப்படைத்த தொழிலாகவே இருந்தது. அவ்வொப்பந்தத்தின் உயிர்நாடி ஆயுதமும் அன்று, அச்சமும் அன்று; இழந்த பொருளுக்குக் காவற்காரன் ஈடு தரவேண்டும் என்ற நிபந்தனையே என்பதும், அந்நிபந்தனை கைவிடப்பட்ட விதமே பின்னர் நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

சோழர் காலத்துச் சாசனங்களில் பாடிகாவல் என்பது ஊரார் செலுத்திய கடமைகளுள் ஒன்றாகப் பலகாலும் பேசப்படுகிறது. பேரரசு தளர்ந்த பின்னர், புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகள் காட்டுகிறபடி, ஊரவரும் நாட்டவரும் பாடிகாவல் உரிமையை அரையர் என்னும் தலைவர்களுக்கு விலை பேசி விற்றனர். படையெடுப்பாலும் வறட்சியாலும் நலிந்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில், விளைச்சலில் இன்ன பங்கு என்று வரையறுத்து, அதனைக் கல்லிலும் வெட்டுவித்தனர். காவலைக் கொடுப்பவர் ஊரார், ஏற்பவர் அரையர் என்ற அந்த வரிசையை நாம் மறத்தலாகாது. அரசன் அருளிய பதவியாக அன்றி, ஊர் மனமுவந்து செய்த விற்பனையாக அன்றோ அது பதியப்பட்டிருக்கிறது!

நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் தோன்றியபோது காவல் இருவகையாயிற்று. ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வீடும் வயலும் கால்நடையும் காப்பது ஸ்தல காவல். பாதைகளையும் பல கிராமங்கள் அடங்கிய பரப்பையும் காப்பது தேச காவல். முன்னதே பழைய முறை என்றும், பின்னதைப் பாளையக்காரர் பெரும்பாலும் தம் பலத்தால் ஊரார் மீது சுமத்தினர் என்றும், திருநெல்வேலிச் சீமையில் கலெக்டராயிருந்த லஷிங்டன் எழுதிவைத்தார். பாளையக்காரரை ஒடுக்குவதே தம் உத்தியோகமாயிருந்த ஒருவரின் சொல்லாதலால் அதனைச் சிறிது தள்ளியே ஏற்கவேண்டும். எனினும் ஸ்தல காவலின் ஒழுங்கைப் பற்றி அபிப்பிராய பேதம் இல்லை. காவற்காரனுக்குக் களத்திலே தானியமோ பணமோ அளக்கப்பட்டது. பொருள் களவு போனால் அவன் தடம் பார்த்து மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடின் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுக்கவேண்டும். களவு மிகுந்தால் காவற்காரனுக்கு நஷ்டம், குறைந்தால் லாபம். ஊரின் நலத்தையும் காவலனின் நலத்தையும் ஒரே கயிற்றில் பிணைத்த ஏற்பாடு இது.

இதற்கு ஒப்பான ஏற்பாடுகள் தூரதேசங்களிலும் உண்டு. 1954இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் லேக்வுட் என்ற புறநகர், தனி நகரமாகப் பதிவு பெற்றபோது, தனக்கெனப் போலீஸ் படை அமைக்காமல், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஷெரீப்பிடம் கட்டணம் செலுத்திக் காவலை ஒப்பந்தமாகப் பெற்றது. வேறு பல சிறு நகரங்கள் அதனைப் பின்பற்றின. ஆனால் அங்கே ஊர் விலைக்குப் பெற்றது காவலரின் பணியை. நம் நாட்டு ஸ்தல காவலில் ஊர் பெற்றதோ பணியின் பயனுக்கான உத்தரவாதத்தை.

ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையின்படி 1792இல் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. 1801இல் கர்நாடகம் முழுவதும் அதனைத் தொடர்ந்தது. பாளையக்காரரின் படைபலமும் காவல் அதிகாரமும் பறிக்கப்பட்டன. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் கிராம போலீஸ் வேலையைத் தலைமைக்காரரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தன. 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கைக்குப் பின், 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் புதிதாக அமைந்தது. இச்சட்டங்கள் எவையும் களவு கொடுத்த குடியானவனுக்கு நஷ்ட ஈடு தரும் கடமையைச் சர்க்காரின் தலையில் ஏற்றவில்லை. காவலின் அதிகாரத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஈட்டின் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பழைய காவல் சட்டத்தின் கண்ணுக்கு மறைந்ததேயொழிய ஊரைவிட்டு மறையவில்லை. மதுரைச் சீமையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் பல ஊர்களின் காவலைத் தொடர்ந்து நடத்தினர். ஆனால் நீதிமன்றம் அங்கீகரியாத ஒப்பந்தத்திற்கு இரு தரப்பிலும் பலமே சாட்சியாக நின்றது. காவல் கொடுக்க மறுத்த ஊரில் மாடுகள் காணாமற்போவதும், துப்புக்கூலி என்ற பெயரால் மதிப்பில் ஒரு பகுதியை இடைமனிதர் மூலம் கொடுத்தால் அவை ஒரு காட்டோரத்தில் கட்டிக்கிடப்பதும் வழக்கமாயின. இதனைக் கண்டு அச்சமூகத்தின் பிறவிக்குணம் என்று எழுதிய உத்தியோகஸ்தர்கள், ஒப்பந்தத்தைச் சட்டத்திற்குப் புறம்பாக்கியது யார் என்று வினவவில்லை. எனினும் மாட்டை இழந்த குடியானவனின் வேதனையும் மெய்யே. மறுக்க உரிமை இல்லாதவன் கொடுப்பதைக் கூலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

 1896இல் திண்டுக்கல்லைச் சுற்றிய கிராமங்களில் கள்ளர் காவலுக்கு எதிரான கிளர்ச்சி மூண்டு, பழநி வட்டத்திற்கும், அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கியிருந்த பெரியகுளம் வட்டத்திற்கும் பரவலாயிற்று. இதனை ஜனங்கள் பண்டு என்றே அழைத்தனர். ஊரார் சேர்த்த பொது நிதியே கிளர்ச்சியின் பெயராயிற்று. கள்ளர் காவற்காரரை விலக்கி வேறு சாதியாரை அமர்த்துவது, ஆபத்து நேரத்தில் கொம்பு ஊதி ஊரைத் திரட்டுவது, களவு போன கால்நடைக்கு அந்நிதியிலிருந்து ஈடு கொடுப்பது என்பன அதன் திட்டங்கள். என் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமான செய்தி இதுவே. கள்ளர் காவலை ஒழிக்க எழுந்தவர்களும் ஈடு என்னும் நிபந்தனையை விடவில்லை. போலீஸிடம் செல்வோம் என்று சொல்லவுமில்லை. ஆனால் அக்கிளர்ச்சி வீடுகளைக் கொளுத்துவதிலும், குடும்பங்களைப் பிறந்த ஊரைவிட்டுத் துரத்துவதிலும் சென்று முடிந்தது. களவே அறியாத உழவர்களும் அதில் துன்புற்றனர். பத்து ஆண்டு கழித்து, 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில், அதன் ஆசிரியர் ஃபிரான்சிஸ் காவல் முறையை இன்னும் நடந்துவருவதாகவே விவரிக்கிறார்.

அதன்பின் சர்க்கார் கைக்கொண்ட வழி கொடியது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், ஒருவன் செய்த செயலை நோக்காமல் அவன் பிறந்த குலத்தை நோக்கியது. பிரமலைக் கள்ளருக்குப் பெயரைப் பதிந்து, கைரேகை கொடுத்து, இரவில் வெளியூர் செல்ல ராத்திரிச் சீட்டு வாங்கவேண்டிய நிலை வந்தது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை கொடுக்க மறுத்த ஜனங்கள் மீது போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். ஊரைக் காத்தவர்களின் சந்ததியார், காவலுக்கு உட்பட்ட கைதிகளைப்போல் நடத்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீங்கிற்று. அக்காலத்துக் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் கீழ்த் தோன்றிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடைபெறுகின்றன. அத்திட்டத்தில் நல்லதாக எஞ்சியது அப்பள்ளிகளே என்பேன்.

இந்நாளில் கூலிக்குக் காவல் புரிவது மீண்டும் சட்டத்தின் வெளிச்சத்திற்கு வந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் உரிமத்தையும், பயிற்சியையும், காவலாளியின் நன்னடத்தை விசாரணையையும் வற்புறுத்துகிறது. இழப்பை யார் ஏற்பது என்பதை அந்தந்த ஒப்பந்தத்திற்கே விட்டுவிடுகிறது. வீடுகள் பெருகிவரும் இப்பள்ளத்தாக்கின் ஊராட்சிகள் என்றேனும் இத்தகைய காவலை அமர்த்த நேரிடுமாயின், ஒப்பந்தம் கிராம சபையில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். கொடுக்க விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தாமலிருக்கும் நிபந்தனையும், களவு போனதற்கு ஈடு தரும் நிபந்தனையும் அதில் எழுத்தில் இருக்கவேண்டும். முதல் நிபந்தனை பழைய காவலில் தேய்ந்து மறைந்தது; இரண்டாவது நிபந்தனையைப் புதிய போலீஸ் ஏற்கவே இல்லை.