சங்கரநாராயணன், ரெங்கசாமி

இந்தியப் புற்றுநோய் மருத்துவர், நோய்ப்பரவல் ஆய்வாளர். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். பின்னர் பிரான்சின் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முன்பரிசோதனைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். வாய்ப் புற்று, கருப்பை வாய்ப் புற்று ஆகிய இரண்டையும் நோய் முற்றுமுன் கண்டுபிடித்தால் உண்மையிலேயே உயிர்கள் மிஞ்சுமா என்பதே அவருடைய ஆய்வுகளின் மையக் கேள்வி. அதற்கு விடை தேட ஆய்வுக்கூடம் போதாது. ஆயிரக்கணக்கான வீடுகளின் பதிவும், பல ஆண்டுக் கண்காணிப்பும், இறப்புகளின் பிழையற்ற கணக்கும் வேண்டும்.

திருவனந்தபுரம்

வாயில் தோன்றும் வெண்படலம் புற்றாக மாறக்கூடியது. வைட்டமின் மாத்திரையால் அதைக் கரைக்க முடியுமா என்று சங்கரநாராயணனும் சக ஆய்வாளர்களும் 160 பேரிடம் சோதித்து, 1997இல் முடிவை வெளியிட்டனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காட்டினருக்குப் படலம் முற்றாக மறைந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வைட்டமின் ஏ உண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் மறைந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிச் செய்தி. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் அவர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வைட்டமின் ஏ உண்டு குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படலம் திரும்பியிருந்தது. சாதகமான முடிவு கையில் கிடைத்த பின்னும் காத்திருந்து பார்த்த இந்தப் பழக்கம் அவருடைய பிற்காலப் பணி முழுவதிலும் தெரிகிறது.

1996இல் தொடங்கிய வாய்ப் பரிசோதனை ஆய்வு இதைவிடப் பன்மடங்கு பெரிது. 13 ஊராட்சிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணியில் பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். 2005இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் 77 பேரும் மற்றப் பகுதிகளில் 87 பேரும் வாய்ப் புற்றால் இறந்திருந்தனர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களை மட்டும் பார்த்தபோது இறப்பு விகிதம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொன்னதுதான் இந்த ஆய்வின் பெரும் பேறு.

திண்டுக்கல்

தமிழ்நாட்டுக்கு அவருடைய பணி நேரடியாக வந்து சேர்ந்த இடம், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூகநல மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, லியோன் முகமை ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 2000இல் களப்பணி தொடங்கியது. முறை எளியது. செவிலியர் கருப்பை வாயில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பார். தோன்றினால் அடுத்த கட்டச் சோதனை. புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியானால் குளிர்முறைச் சிகிச்சை. பாப் ஸ்மியர் சோதனைக்கு வேண்டிய ஆய்வகமும் செல்லியல் வல்லுநரும் இல்லாத ஊர்களில் செய்யக்கூடியது இது.

மாவட்டத்தில் 114 தொகுதிகளைத் தேர்ந்து, 57ஐப் பரிசோதனைக்கும் 57ஐ ஒப்பீட்டுக்கும் குலுக்கலில் ஒதுக்கினார்கள். பரிசோதனை அணியில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள். ஒப்பீட்டு அணியில் 30,958 பேர். 2006 வரை கண்காணித்ததில் முதல் அணியில் 167 பேருக்கும் இரண்டாம் அணியில் 158 பேருக்கும் கருப்பை வாய்ப் புற்று வந்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், பரிசோதித்த ஊர்களில்தான் நோய் கூடுதல் என்று முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவு தவறு. அது ஏன் தவறு என்பதில்தான் மருத்துவப் புள்ளியியலின் அரிச்சுவடி இருக்கிறது.

அணிகள் சம அளவு இல்லை. ஆகவே ஒவ்வொரு பெண்ணும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டி 'ஆள்-ஆண்டு' என்ற அளவால் வகுக்க வேண்டும். முதல் அணியில் 2,74,430 ஆள்-ஆண்டுகள், இரண்டாவதில் 1,78,781. வகுத்துப் பார்த்தால், லட்சம் ஆள்-ஆண்டுக்கு ஏறத்தாழ 61 நோயாளிகளுக்கு எதிரே 88 பேர். இறப்பில் 83க்கு எதிரே 92 என்பது, லட்சத்துக்கு 30க்கு எதிரே 51 என்று ஆகிறது. வயது முதலியவற்றைச் சரிசெய்த பின், நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட்டில் வெளியான கட்டுரை அறிவித்தது. இறப்புக்கான இடர் விகிதம் 0.65, அதன் நம்பக எல்லை 0.47 முதல் 0.89 வரை. எல்லையின் மேல்முனைகூட 1ஐத் தொடவில்லை. அதனால்தான் இதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

இன்னொரு நேர்மையும் குறிப்பிடத் தக்கது. அழைக்கப்பட்டவர்களில் உண்மையில் வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர்தாம். வராதவர்களையும் பரிசோதனை அணியிலேயே வைத்துத்தான் கணக்கிட்டார்கள். தாமாக வருபவர்கள் பொதுவாக உடல்நலனில் அக்கறை உள்ளவர்கள்; அவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சோதனையும் பலன் தருவதுபோல் தோன்றும்.

பார்சியும் முரணும்

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், டாடா நினைவு மருத்துவமனையுடனும் பார்சியின் நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையுடனும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 1,31,746 பெண்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓர் அணிக்குக் கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனை, ஒன்றுக்கு செல்லியல், ஒன்றுக்கு அசிட்டிக் அமிலச் சோதனை, நான்காவது ஒப்பீட்டுக்கு. 2009இல் வந்த முடிவில் ஹெச்.பி.வி. சோதனை தனித்து நின்றது. அந்த அணியில் 127 புற்றுகள், அவற்றுள் முற்றிய நிலையில் இருந்தவை 39. ஒப்பீட்டு அணியில் 118 புற்றுகள், முற்றியவை 82. இறப்பு 34க்கு எதிரே 64. திண்டுக்கல்லில் பலன் காட்டிய அசிட்டிக் அமிலம் இங்கே இறப்பைத் தெளிவாகக் குறைக்கவில்லை. தாம் பரப்ப முயன்ற எளிய முறைக்கு எதிராகவே பேசக்கூடிய இந்த முடிவை அவர் மறைக்கவில்லை. ஆய்வாளருக்குரிய பெருமை இதில்தான் அதிகம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எதிர்ப்பும் உண்டு. ஒப்பீட்டு அணிப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தது அறமா என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா இந்தியாவில் நடந்த மூன்று ஆய்வுகளைக் குறித்துக் கேள்வி எழுப்பினார். அந்த ஊர்களில் அன்றிருந்த வழக்கமான மருத்துவம் அவ்வளவுதான் என்றும், அவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை என்றும் மறுமொழி வந்தது. இந்த மறுமொழி முழு ஆறுதல் தருவதில்லை. திண்டுக்கல் ஒப்பீட்டு அணியில் இறந்த 92 பேரும் பெயருள்ள பெண்கள். அவர்களுடைய கணக்கின்மேல்தான் பின்வந்த திட்டங்கள் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் விரித்த கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டமும் அவற்றுள் அடங்கும்.

நின்றுபோன சோதனை

2009 செப்டம்பரில், ஹெச்.பி.வி. தடுப்பூசி மூன்று தவணை வேண்டுமா, இரண்டு போதுமா என்ற சோதனை 10 முதல் 18 வயதுப் பெண்களிடம் தொடங்கியது. அம்பிளிக்கையும் அதன் மையங்களுள் ஒன்று. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்ததால் எழுந்த கொந்தளிப்பில், 2010 ஏப்ரலில் எல்லா ஹெச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்ற விசாரணைக் குழு, அந்தத் திட்டத்தில் ஒப்புதல் பெற்ற முறையில் குறைகளைச் சுட்டியது. அதற்குள் இந்தச் சோதனையில் 17,729 பேர் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களுள் 4,950 பேர் ஒரே தவணையோடு நின்றுபோனவர்கள்.

ஒரு சோதனை பாழானது என்று கைகழுவியிருக்கலாம். சங்கரநாராயணனும் சக ஆய்வாளர்களும் அவர்கள் எல்லோரையும் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவில், நீடித்த தொற்றைத் தடுக்கும் திறன் ஒரு தவணைக்கு 95.4, இரண்டுக்கு 93.1, மூன்றுக்கு 93.3 விழுக்காடு. தவணைகளுக்கிடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்க உதவிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. குலுக்கல் குலைந்துபோன ஆய்வு ஆதலால் சான்றின் வலிமை சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதிவேடும் காயல்பட்டினமும்

இறப்புகளைக் கணக்கிடப் பதிவேடு வேண்டும். அடையாறு மருத்துவமனையின் சென்னைப் பெருநகரப் பதிவேடு 1982 முதல் இயங்குகிறது. அதன் புள்ளியியலாளர் ரா. சுவாமிநாதன் திண்டுக்கல் ஆய்வின் கணக்கைத் தாங்கியவர்களுள் ஒருவர். ஆசிய, ஆப்பிரிக்க, கரீபிய, மத்திய அமெரிக்க நாடுகளில் புற்றுநோயாளிகள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்ற தொகுப்பை அவரும் சங்கரநாராயணனும் சேர்ந்து பதிப்பித்து 2011இல் வெளியிட்டனர். 2012இல் மாநிலம் முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது.

இந்தக் கணக்கின் தேவையைத் தூத்துக்குடிக் கடற்கரையில் காயல்பட்டினத்தைப்போல் உணர்ந்த ஊர் குறைவு. அங்கே புற்றுநோய் மிகுதி என்ற அச்சம் நெடுநாளாக உண்டு. பக்கத்துச் சாகுபுரத்து இரசாயன ஆலையை ஊரார் சுட்டுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் 40,000க்குச் சற்று மேற்பட்டோர். லட்சத்துக்கு ஆண்டுக்கு 90 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 36 புதிய நோயாளிகளை எதிர்பார்க்கலாம். தற்செயலாகவே அது ஓராண்டில் 24ஆகவும் மறு ஆண்டில் 48ஆகவும் ஏறி இறங்கலாம். ஆகவே ஓராண்டுக் கணக்கு எதையும் நிறுவாது, எதையும் மறுக்கவும் செய்யாது. ஊர்க்காரர்கள் சென்னையிலும் இலங்கையிலும் வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் தொழில் செய்பவர்கள். வெளியூரில் நோய் கண்டவரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது, வகுக்கும் தொகையில் யாரை எண்ணுவது என்பதே பெரும் சிக்கல்.

மொத்த எண்ணிக்கையைவிட நோயின் வகை முக்கியம். சாகுபுரத்து ஆலை தயாரிக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்று உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது, சங்கரநாராயணன் பணியாற்றிய அதே லியோன் முகமை. அதோடு மிக நெருக்கமாகத் தொடர்புபட்டது கல்லீரல் இரத்தநாளங்களில் வரும் மிக அரிய புற்று. அத்தகைய நோய் ஒரு சில பேருக்கு வந்தாலே அது பேசும். மார்பகப் புற்று ஐந்தாறு கூடினால் எதுவும் சொல்ல முடியாது.   காயல்பட்டினத்துக்கு வேண்டியது பத்தாண்டுக்குக் குறையாத, வயதும் வகையும் வசிப்பிடமும் பிரித்த பதிவு. ஆலைக்கு அருகே, தொலைவே என்று ஊர்களை அடுக்கி, ஆலைத் தொழிலாளர்களைத் தனியே கொண்டு ஒப்பிடும் ஆய்வும் வேண்டும். அம்பிளிக்கைக் கிராமங்களில் 80,000 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர முடிந்திருக்கும்போது, 40,000 பேர் வாழும் ஓர் ஊரில் அதைச் செய்ய முடியும்.