சாமல்பட்டியின் ஏழு என்ஜின்கள்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா பையன் ஒரு கேள்வியோடு வந்தான். ஸ்கூல் ப்ராஜெக்ட். "மாமா, நம்ம தர்மபுரி மாவட்டத்துல கரண்ட் தயாரிக்கிற பெரிய பிளான்ட் ஏதாவது இருந்திருக்கா?"

"நம்ம மாவட்டத்துல ஏதுடா? பக்கத்துல மேட்டூர்தான், அதுவும் சேலம் மாவட்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது தப்பு. இருந்தது. சாமல்பட்டியில்.

சேலம்–ஜோலார்பேட்டை ரயிலில் போகிறவர்களுக்கு சாமல்பட்டி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். இப்போது அது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அங்கே தனியார் மின்நிலையம் ஓடத் தொடங்கிய 2001இல் அது தர்மபுரி மாவட்டம். சுமார் 105 மெகாவாட். கப்பலில் வைப்பது போன்ற ஏழு பெரிய டீசல் வகை என்ஜின்கள். எரிபொருள், பர்னஸ் ஆயில்.

நிலக்கரியும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஏன் எண்ணெய்? இதைத் தோண்டிப் பார்த்தபோதுதான் எங்கள் மாவட்டத்தின் மின்சாரக் கதை எனக்கே கொஞ்சம் புரிந்தது.

தமிழ்நாட்டில் கம்பி சீக்கிரமே வந்துவிட்டது. 1957இல் மின்வாரியம் அமைந்தது. அடுத்து வந்த வருஷங்களில் கிராமங்களுக்கும் கிணற்று பம்ப்செட்டுகளுக்கும் லைன் போனது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். தர்மபுரி மாதிரி மழை குறைந்த, கிணற்றை நம்பிய மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. ஆக, கம்பி இருந்தது. கம்பியில் வர வேண்டிய கரண்ட்தான் போதவில்லை. 1991இல் மத்திய அரசு மின் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது.

அவசரத்துக்கு நல்ல வழி எரிவாயு நிலையம். விமான என்ஜின் மாதிரியான டர்பைனில் வாயுவை எரித்து ஒரு முறை மின்சாரம் எடுக்கலாம். வெளியே வரும் சூட்டை வீணாக்காமல் தண்ணீரை ஆவியாக்கி, இன்னொரு டர்பைனைச் சுற்றி இரண்டாம் முறையும் எடுக்கலாம். எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் மின்சாரமாகிறது. நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். கட்டவும் நாள் குறைவு.

ஆனால் வாயுவுக்குக் குழாய் வேண்டும். அப்போது நம் மாநிலத்தில் எரிவாயு கிடைத்தது காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும்தான். அதனால்தான் கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் நிலையங்கள் எல்லாம் வாயுக் கிணறுகளின் பக்கத்திலேயே வந்தன. தொடங்கியபோது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 மெகாவாட். குழாய் எட்டாத தர்மபுரிக்கு வாய்த்தது, எங்கேயும் கொண்டுபோகக்கூடிய எண்ணெய்.

இந்த மாதிரி நிலையங்களோடு வாரியம் போடும் கொள்முதல் ஒப்பந்தத்தில் இரண்டு கட்டணம் உண்டு. ஒன்று நிலைக்கட்டணம்: என்ஜின் ஓடத் தயாராக நின்றாலே, கரண்ட் வாங்காவிட்டாலும், கொடுக்க வேண்டியது. இன்னொன்று எரிபொருள் செலவு: எண்ணெய் ஏறினால் ஏறும். 2001இல் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 25 டாலர் அளவில் இருந்தது. 2008இல் 100 டாலரைத் தாண்டியது. 2011க்குப் பிறகு சில வருஷம் அங்கேயே நின்றது. எண்ணெய் மின்சாரத்தின் விலை நிலக்கரி மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போனது. 2012இல் சென்னைக்கு வெளியே தினம் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன நாட்கள் நினைவிருக்கும். அந்த இருட்டில் வாரியம் விலை பேசும் நிலையில் இல்லை. 15 வருஷ ஒப்பந்தமும் முடிந்துபோனது.

மகாராஷ்டிரத்தின் தாபோல் இதே கதையின் பெரிய பதிப்பு. என்ரான் கட்டிய 740 மெகாவாட் முதல் கட்டம் 1999இல் நாப்தாவில் ஓடத் தொடங்கியது. விலை கட்டுப்படியாகாமல் 2001இல் நின்றது.

அப்புறம் குழாய் வந்தது. கொச்சியில் இறங்கும் திரவ எரிவாயுவை பெங்களூருக்குக் கொண்டுபோகும் கெயில் திட்டம். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள், சுமார் 310 கிலோமீட்டர். தர்மபுரியும் அதில் ஒன்று. 1962ஆம் வருஷச் சட்டப்படி நிலம் விவசாயி பேரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது. உபயோக உரிமைக்கு அந்தச் சட்டம் சொன்ன ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். மாந்தோப்பும் தென்னையும் கிணறும்தான் வாழ்க்கை என்று இருப்பவருக்கு இது என்ன கணக்கு?

2013இல் தமிழக அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கம் தீர்ப்பளித்தன. 2022இல் குழாய்க்கான அளவை நடந்தபோது நம் மாவட்டத்தில் ஒரு விவசாயி தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். மறுபக்கமும் உண்டு. 2013இல் திறந்த கொச்சி முனையம், வாயுவை வெளியே அனுப்பக் குழாய் இல்லாமல் பல வருஷம் திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாமல் கிடந்தது.

குழாய் இருந்தாலும் வாயு வேண்டுமே. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையை நம்பி நாடு முழுக்க எரிவாயு நிலையங்கள் எழும்பின. 2010க்குப் பிறகு அங்கே உற்பத்தி சரிந்தது. கட்டி முடித்த நிலையங்களே வாயு இல்லாமல் சும்மா நின்றன.

சாஃப்ட்வேரில் இதை டிபென்டென்சி என்போம். நாம் எழுதிய நிரல் சரியாகவே இருக்கும். அது நம்பியிருக்கும் வேறொன்று காலை வாரும். மின்நிலையத்துக்கும் அப்படித்தான். மொசாம்பிக்கில் டெமானே என்ற இடத்தில் 450 மெகாவாட் எரிவாயு நிலையம் கட்டத் தொடங்கினார்கள். வாயு அவர்கள் மண்ணிலேயே கிடைப்பது. தலைநகர் மபூட்டோ வரை போகும் சுமார் 560 கிலோமீட்டர் மின்பாதையும் கூடவே திட்டமிடப்பட்டது. சாமல்பட்டியில் நாம் யோசிக்காத பாதி அது. எண்ணெய் விலை நம் கையில் இல்லை என்று தெரிந்தும் ஒப்பந்தம் போட்டோம். குழாய் வந்தபோது, அது யார் கிணற்றின் மேல் போகிறது என்பதைக் கடைசியில்தான் கேட்டோம். இரண்டையும் முதல் நாளே, வரைபடம் போடும்போதே, கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்து, பையனிடம் சாமல்பட்டி என்று திருத்தி எழுதச் சொன்னேன். நேற்றே மேட்டூர் என்று எழுதி மூடி வைத்துவிட்டானாம். "அதுலயும் கரண்ட் வருது இல்ல, விடு" என்றாள் அக்கா.