காகிதத்துக்காகப் பிறந்த லென்ஸ்

மேக்ரோ லென்ஸ் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது பூச்சிதான். தும்பியின் கண், எறும்பின் மீசை, பூவிதழில் நிற்கும் பனித்துளி. அதை வைத்து இன்று படம் எடுப்பவர்களும் பெரும்பாலும் அவற்றைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த லென்ஸின் பூர்வோத்தரத்தைத் துருவிப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது தோட்டமல்ல, ஆபீஸ். மேசை, கோப்பு, நகல் எடுக்கும் குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கதை பாரிஸில் தொடங்குகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 1870ஆம் வருஷத்துப் போர் தலைகீழ்ப் பாடம். செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸை வளைத்துக்கொண்டது. தந்திக் கம்பிகள் அறுந்தன, சாலைகள் அடைபட்டன. உள்ளேயிருந்து வெளியே கடிதம் அனுப்பப் பலூன் இருந்தது. காற்று எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் பிரான்சில் எங்காவது இறங்கினால் சரி. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் பெரும்பாடு. பலூனைக் குறிபார்த்து பாரிஸில் இறக்க முடியாது. புறா மட்டுமே வழி. புறா எவ்வளவு சுமக்கும்?

இங்கேதான் ரெனே தக்ரோன் என்ற புகைப்படக்காரர் வருகிறார். 1859இலேயே நுண்படத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். அரிசியளவுகூட இல்லாத படத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குச்சியின் தட்டையான முனையில் ஒட்டுவார். மறுமுனை குவிந்திருக்கும். அதைக் கண்ணருகே பிடித்தால் படம் பெரிதாகத் தெரியும். மோதிரத்திலும் பேனாக்கட்டையிலும் இதைப் பதித்து விற்றுக் காசு பார்த்தவர். நம் ஊரிலும் பழைய வீடுகளில் இது இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் சிலுவையில் கடுகளவு துவாரம் ஒன்று இருக்கும். அதன் வழியே பார்த்தால் லூர்து மாதா கெபி தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்போம்.

அந்த விளையாட்டுச் சாமான்காரரை அரசாங்கம் கூப்பிட்டது. 1870 நவம்பர் 12ஆம் தேதி பாரிஸிலிருந்து இரண்டு பலூன்கள் கிளம்பின. ஒன்றின் பெயர் நியெப்ஸ், மற்றதன் பெயர் தகேர். புகைப்படக் கலையின் இரண்டு பிதாமகர்களின் பெயர்கள். நியெப்ஸில் தக்ரோனும் ஆட்களும் ஏறினார்கள். தகேரைப் பிரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தி, அதிலிருந்த சாமான்களோடு பிடித்துக்கொண்டார்கள். நியெப்ஸும் எதிரிகள் நடமாடும் இடத்திலேயே இறங்கியது. தக்ரோன் அகப்படாமல் தப்பி, ஒன்பது நாளில் தூர் நகரம் போய்ச் சேர்ந்தார். மிஞ்சிய சாமான்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

செய்திகளை அச்சுக்கோத்துப் பக்கங்களாக்கி, அந்தப் பக்கங்களைச் சின்னக் கொலோடியன் ஏட்டில் படமாகச் சுருக்கினார்கள். மூன்றரைக்கு ஆறு சென்டிமீட்டர் இருக்கும் அந்த ஏட்டில் ஏறத்தாழ 3,000 செய்திகள் அடங்கின. பல ஏடுகளைச் சுருட்டி ஓர் இறகுத்தண்டுக்குள் செருகி, புறாவின் வால் இறகில் கட்டி விட்டார்கள். குளிர்காலம், வல்லூறு, துப்பாக்கி எல்லாம் சேர்ந்து பெரும்பாலான புறாக்கள் வந்து சேரவில்லை. அதனால் ஒரே செய்தியை மறுபடி மறுபடி வேறு வேறு புறாக்களிடம் கொடுத்தார்கள். வந்து சேர்ந்த ஏட்டைத் தண்ணீரில் பிரித்து, உலர்த்தி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து விளக்கொளியில் சுவரில் விழச் செய்தார்கள். அடுத்த காரியத்துக்குத்தான் நம் ஜாதிக்காரர்கள் வருகிறார்கள். சுவரில் தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதி, விலாசதாரருக்கு அனுப்பியவர்கள் குமாஸ்தாக்கள். பள்ளியில் புறாவுக்கும் பலூனுக்கும் கைதட்டச் சொன்னார்கள். அந்தக் குமாஸ்தாக்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை.

புறாத் தபாலுக்கும் மேக்ரோ லென்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒன்று சிறிதாக்குவது, மற்றது பெரிதாக்குவது. இரண்டுக்கும் லென்ஸின் முன்னால் வரும் சிக்கல் ஒன்றுதான். சாதாரண லென்ஸ் தூரத்திலிருப்பதைப் பார்க்கவே கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. அதைக் காகிதத்துக்கு அருகில் கொண்டுபோனால் நடுவில் எழுத்து தெளிவாக இருக்கும், ஓரங்களில் கலங்கிப் போகும். லென்ஸ் பார்க்கும் தளம் கிண்ணம் போல வளைந்திருப்பதுதான் காரணம். காகிதமோ தட்டை. பூச்சிப் படத்தில் ஓரம் கலங்கினால் அழகு என்பார்கள். பத்திரத்தில் ஓரம் கலங்கினால் சாட்சிக் கையெழுத்து போய்விடும். ஜெர்மனியில் ட்ஸைஸ் கம்பெனிக்காக பவுல் ருடோல்ஃப் 1896இல் கணக்கிட்ட லென்ஸுக்கு பிளானார் என்று பெயர் வைத்தார்கள். தட்டையான தளம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

பூச்சிக்காரர்களை அடியோடு விட்டுவிடக் கூடாது. எங்கள் பள்ளியில் திக்தே என்றால் வாரம் ஒருமுறை காய்ச்சல் வரும். வாத்தியார் படிக்கப் படிக்கப் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதில் அடிக்கடி வந்தவர் ழான் ஆன்ரி ஃபாப்ர். சில்வண்டு, சாணி உருட்டும் வண்டு, குளவி என்று பத்துத் தொகுதி எழுதியவர். 1879இல் செரிஞ்ஞான் கிராமத்தில் ஒரு கரட்டு நிலத்தை வாங்கி, சாகும்வரை அங்கேயே பூச்சிகளுக்குக் காவல் கிடந்தார். அவர் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு பூதக்கண்ணாடி. அவருடைய மகன் பவுல் எடுத்த பூச்சிப் படங்கள் பிறகு அந்தப் புத்தகங்களில் சேர்ந்தன. அந்தக் காலத்துத் தகட்டுக் காமிராவில் ஒரு சௌகரியம் உண்டு. முன்னால் ஆர்மோனியப் பெட்டிக்கு இருப்பது போலத் துருத்தி இருக்கும். அதை நன்றாக இழுத்தால் லென்ஸ் தகட்டிலிருந்து விலகும், படம் பெரிதாகும். தனி லென்ஸ் தேவையில்லை.

சிறிய ஃபிலிம் காமிரா வந்ததும் அந்தத் துருத்தி போய்விட்டது. பிறகு அதையே தனி உபகரணமாக விற்றார்கள். துருத்தி வாங்க முடியாதவர்களுக்கு வளையம். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே திருகும் வெற்றுக் குழாய்தான், கண்ணாடி எதுவும் கிடையாது. கணக்கு மிகச் சுலபம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் வளையம் சேர்த்தால் பொருளும் ஃபிலிமில் விழும் படமும் ஒரே அளவு. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு சட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். இதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். அந்த நிலையில் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆழமும் போய்விடும். துவாரத்தை 8இல் வைத்தாலும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும். ஈயின் கண் விழுந்தால் கால் விழாது. காகிதத்துக்கு இது பெரிய தொல்லையில்லை, நெளியாமல் இருந்தால் போதும்.

35 மில்லிமீட்டர் காமிராவுக்கென்று கிட்டத்துப் படத்துக்காகவே ஒரு லென்ஸ் 1955இல் வந்தது. லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் தொழிற்சாலை வைத்திருந்த கில்ஃபிட் என்பவருடைய மாக்ரோ கிலார், 40 மில்லிமீட்டர். வளையம் எதுவும் மாட்டாமல், திருகத் திருகத் தானாகவே நீண்டுகொண்டு போகும். பூச்சிக்காரர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த வருஷம் ஜப்பானில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த சங்கதி. நூலகங்களும் ஆபீஸ்களும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் மைக்ரோ ஃபிலிமில் ஏற்றத் தொடங்கியிருந்த காலம். அமெரிக்காவில் ஆங்கில எழுத்து ஃபிலிமில் சுருங்கியும் படிக்கக் கிடைத்தது. அதே முறையில் ஜப்பானியப் பக்கத்தை எடுத்தால் எழுத்து மையப்பொட்டாகிவிட்டது. கான்ஜி எழுத்தில் கோடுமேல் கோடு. ஒரே எழுத்தில் 29 கோடு கொண்டதுகூட உண்டு. அதன் நடுவே ஒரு கோடு மங்கினால் எழுத்தே வேறாகிவிடும். அதற்காகவே நிக்கான் கம்பெனி 1956இல் 5 சென்டிமீட்டர் மைக்ரோ நிக்கோர் லென்ஸைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் எல்லோரும் மேக்ரோ என்று எழுதும்போது நிக்கான் மட்டும் இன்றுவரை மைக்ரோ என்று எழுதுவதை வாலிபப் பிள்ளைகள் புதிராகச் சொல்வார்கள். மைக்ரோ ஃபிலிம் என்ற ஊரிலிருந்து வந்த லென்ஸ், பழைய ஊர்ப் பெயரை விடவில்லை. நம் ஆட்கள் வெளிநாடு போனாலும் இனிஷியலை விடாதது போல.

1961இல் அதே லென்ஸ் 55 மில்லிமீட்டராக நிக்கான் எஃப் காமிராவுக்கு வந்தது. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் காமிரா என்பதால் கிட்டத்தில் குறி தவறாது. வாங்கியவர்கள் அதைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாளைப் படிக்கச் செய்த லென்ஸ் தும்பியைப் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான்.

இதில் என் அனுபவம் ஒன்று உண்டு. எண்பதுகளில் பாரிஸிலிருந்து வந்த என் மைத்துனர், ஒரு பழைய ரஷ்ய ஸெனித் காமிராவையும் மூன்று வளையங்களையும் விட்டுவிட்டுப் போனார். எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தாவின் விதவை இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தா யாரென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். புருஷன் காலமான பின் அந்தம்மாள் பென்ஷனுக்கு எழுதிப்போட்டார். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிரான்சிலிருந்து ஓர் ஆபீஸ் பதில் எழுதியது. இரண்டாம் முறையும் அதே பதில். அந்தம்மாள் புருஷனுடைய ராணுவப் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, நீங்க காகிதம் படிக்கிறவரு. இதுல நம்பர் சரியா இருக்குதான்னு பாருங்க.”

பதிவு எண்ணின் நடுவில் ஓர் இலக்கம். மனு எழுதிக் கொடுத்தவர் அதை 1 என்று எழுதியிருந்தார். மை பழுப்பேறி, காகிதமும் அதே நிறமாகியிருந்தது. பிரெஞ்சுக் கையெழுத்தில் 1க்கு முன்னால் நீளமாக ஒரு கோடு ஏறும். பார்த்தால் நமக்கு 7 போலவே இருக்கும். அதனால் 7க்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். அந்தக் குறுக்குக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வெறும் கண்ணுக்கும் தெரியவில்லை, என் பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை.

மேசைமேல் காமிராவைக் கவிழ்த்துக் கட்டி, மூன்று வளையத்தையும் போட்டு, இரண்டு பக்கமும் சாய்வாக பல்பு வைத்தேன். ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் நீல ஃபில்டர் இரவல் வாங்கினேன். பழுத்த மை நீல ஒளியை விழுங்கிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்த மை கறுத்துத் தெரியும். ஸ்டூடியோக்காரர் அதை அழுத்தமான தாளில் பெரிதாக்கித் தந்தார். ஈரத்தோடு தொங்கவிட்ட படத்தில் கோடு இருந்தது. மெல்லியது, ஆனால் இருந்தது. அந்தம்மாள் படத்தைக் கண்ணாடியில்லாமலே பார்த்து, “ஏழு” என்றார்.

படத்தையும் வைத்து மறுபடி எழுதினோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எண்ணில் கோப்பு இருந்தது, பென்ஷனும் வந்தது. அவர் காலமாகும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு அதிரசம் வந்துகொண்டிருந்தது.

பிற்பாடு உபகரணங்கள் எங்கேயோ போய்விட்டன. கானன் கம்பெனி 1999இல் கொண்டுவந்த 65 மில்லிமீட்டர் லென்ஸ் ஃபிலிமிலேயே ஐந்து மடங்கு பெரிதாக்கும், தூரத்துப் பொருளை அதில் பார்க்கவே முடியாது. இப்போது ஒரு பூச்சியைப் பல இடத்தில் குறிவைத்துப் பல படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்கி, மீசை முதல் வால்வரை தெளிவாகக் காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் அடுக்கியிருக்கும் சைவ ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துக் காக்கிறார்களே, அதுதான் இந்த லென்ஸ்களின் குலத்தொழில் என்று எனக்குத் தோன்றும். 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த சுவடிகள் அவை. காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சியையும் அது அரித்த காகிதத்தையும் ஒரே லென்ஸில் எடுக்கலாம். நான் எடுத்திருக்கிறேன். பூச்சி ஓடிவிடும், காகிதம் ஓடாது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பத்திரம், பிறப்புச் சான்று, ராணுவப் புத்தகம் ஏதாவது இருக்கும். இப்போது கைப்பேசியே போதும். ஃபிளாஷ் போடாதீர்கள், மை வெளுத்துத் தெரியும். காலை வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் ஜன்னலோரம் வைத்து, கைப்பேசியை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். முழுப் பக்கம் ஒன்று, பெயரும் எண்ணும் உள்ள இடம் தனியாக ஒன்று. பக்கத்தில் ஒரு அடிக்கோலையும் வைத்து எடுத்தால் பின்னால் பார்ப்பவருக்கு அளவு தெரியும்.